சாமி நம்பிக்கையும் பூச்சாண்டி நம்பிக்கையும் ஒன்றா? டெல்டாவிலிருந்து ஒரு விவாத இழை

#1 குடமுருட்டி

"குழந்தை பூச்சாண்டியை நம்புது, பெரியவன் சாமியை நம்புறான், ரெண்டும் ஒண்ணுதான்." தஞ்சாவூர், திருவாரூர் பக்கம் மேடையிலும் டீக்கடையிலும் இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழும். கேட்டவர் மனசு புண்பட்டது என்பார், பேச்சு அதோடு நின்றுவிடும். புண்படுமா என்பது தனிக் கேள்வி. ஒப்பீடு சரியா என்பதை மட்டும் இங்கே பேசுவோம்.

முதலில் குழந்தைப் பக்கம். அங்கே இருப்பது ஒரே சரக்கு இல்லை. நிலாவில் பாட்டி வடை சுடுவது விளையாட்டு. எந்தப் பிள்ளையும் அந்த வடை வேண்டும் என்று அடம்பிடிப்பதில்லை. பூச்சாண்டியும் பிள்ளை பிடிக்கிறவனும் சோறு ஊட்டவும் வெளியே ஓடாமல் தடுக்கவும் பெரியவர்கள் செய்துகொண்ட மிரட்டல். மயிலிறகு குட்டி போடுவது மூன்றாவது வகை. அதைப் பிள்ளைகளே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொள்கிறார்கள், பெரியவர்களுக்கு அதில் பங்கே இல்லை.

எனக்கு முக்கியமாகப் படுவது இந்த மூன்றாவதுதான். நோட்டுக்குள் இறகை வைத்து, தீனியாக நாலு அரிசியோ பென்சில் சீவலோ போட்டு மூட வேண்டும். நடுவில் திறக்கக் கூடாது, திறந்தால் குட்டி போடாது. ஒரு வாரம் கழித்துத் திறந்தால் சில நோட்டில் நிஜமாகவே குட்டி இருக்கும்! இறகின் நடுத்தண்டிலிருந்து இருபக்கமும் இழைகள் கிளம்புகின்றன. பையில் நோட்டு அழுந்தி, தாள் உரசி, ஒன்றிரண்டு இழை அடியோடு கழன்றுவிடும். கழன்ற இழைக்கும் ஒரு தண்டும் இருபுறம் மெல்லிய ரோமமும் உண்டு. பார்த்தால் சின்ன மயிலிறகு.

ஆக இதில் இரண்டு உறுப்பு இருக்கிறது. ஒன்று, எப்போதாவது நிஜமாகவே ஏதோ நடக்கிறது. இரண்டு, நடக்காதபோது காப்பாற்ற ஒரு நிபந்தனை தயாராக இருக்கிறது: "நீ திறந்து பாத்திருப்ப." இந்த இரண்டும் சேர்ந்தால் எந்த நம்பிக்கையும் சாகாது. வேண்டுதலை இதோடு வைத்துப் பாருங்கள். பலித்தால் சாமி செய்தது. பலிக்காவிட்டால் விரதத்தில் குறை, நம்பிக்கை போதவில்லை. உறுப்புக்கு உறுப்பு பொருந்துகிறது. அதனால் ஒப்பீடு பெருமளவு நியாயம் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வாருங்கள்.

#2 வெண்ணாற்றங்கரை

தம்பி, மயிலிறகை நன்றாகப் பிரித்தீர்கள். ஆனால் வடிவம் ஒத்திருப்பதால் பொருளும் ஒன்றாகிவிடாது. சைவ சித்தாந்தம் படிக்கிறவர்கள் அளவையில் தொடங்குவார்கள்: காட்சி, கருதல், உரை. கண்டறிவது, ஊகித்தறிவது, நம்பத் தகுந்தவர் சொல்லக் கேட்டறிவது.

பூச்சாண்டியை இதில் எங்கே வைப்பீர்கள்? யாரும் கண்டதில்லை. யாரும் ஊகித்து அந்த முடிவுக்கு வரவில்லை. உரை என்று சொல்லலாமா என்றால், உரை அளவைக்குச் சொல்பவர் தான் அறிந்ததை அறிந்தபடி சொல்பவராக இருக்க வேண்டும். பூச்சாண்டி வருகிறான் என்று சொல்கிற தாய்க்கு அவன் இல்லை என்று தெரியும். மூன்று வாசலிலும் அது நுழையவில்லை.

கடவுள் உண்டு என்ற கூற்று அப்படி வரவில்லை. 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் 12 நூற்பாவில் நூல் செய்தார். முதல் நூற்பாவே ஒரு ஊகம்: உலகம் தோன்றுகிறது, நிற்கிறது, ஒடுங்குகிறது, அப்படிப்பட்ட பொருளுக்குச் செய்பவன் ஒருவன் வேண்டும். அவர் மாணவர் அருணந்தி சிவாசாரியார் தம் கட்சியைச் சொல்லும் முன் எதிர்க் கட்சிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து மறுத்தார். அதற்குப் பெயர் பரபக்கம், அதில் முதலில் வருவது கடவுளே இல்லை என்கிற உலகாயதம். திருவாவடுதுறை, தருமபுரம் சைவ மடங்களில் தலைமுறை தலைமுறையாக இதைப் பாடம் சொல்லியிருக்கிறார்கள். அந்த ஊகம் தவறாக இருக்கலாம், தவறு என்று காட்டுங்கள். தப்பாகப் போட்ட கணக்கும் கணக்குதான். கதையைக் கணக்கு என்று யாரும் நீட்டுவதில்லை. பூச்சாண்டிக்குப் பரபக்கம் எழுதியவர் ஒருவரைக் காட்ட முடியுமா?

#3 திருமலைராயன்

ஐயா, மரியாதையோடு கேட்கிறேன். ஆடி வெள்ளிக்குக் கூழ் ஊற்றுகிற கூட்டத்தில் எத்தனை பேர் பரபக்கம் படித்துவிட்டு நம்ப ஆரம்பித்தார்கள்? கை கூப்பச் சொல்லிக் கொடுப்பது நடை பழகும் வயதில். அளவையெல்லாம் பின்னால் வருகிறது, வராமலும் போகிறது. மாடி கட்டி முடித்த பிறகு அஸ்திவாரம் தோண்டுகிற வேலை அது.

கடவுள் இல்லை என்ற வாசகத்தைப் பெரியார் 1967-ல் முதலில் முழங்கியது நம்ம திருவாரூர் பக்கம் விடயபுரத்தில். அந்த வாசகம் கற்பித்தவன், பரப்பியவன், வணங்குகிறவன் என்று மூன்று பேரைத் தனித்தனியாக நிறுத்துகிறது. பூச்சாண்டிக்கும் அந்த மூன்று பேர் உண்டு. கட்டியவர், சொல்பவர், பயப்படுபவர்.

இன்னொன்று. பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1952-ல் ஒரு உதாரணம் சொன்னார். பூமிக்கும் செவ்வாய்க்கும் நடுவே ஒரு பீங்கான் தேநீர்க் கெண்டி சூரியனைச் சுற்றுகிறது, தொலைநோக்கியில்கூடத் தெரியாத அளவு சின்னது என்று ஒருவர் சொன்னால், இல்லை என்று நிரூபிப்பது நம் வேலை இல்லை. உண்டு என்கிறவர்தான் காட்ட வேண்டும். சாமிக்கும் அதே சட்டம். அந்த அளவுக்கு ஒப்பீடு செல்லும்.

#4 வெண்ணாற்றங்கரை

மூன்று பதில், சுருக்கமாக.

சிறு வயதில் கற்றது என்பதால் பொய்யாகிவிடாது. வாய்ப்பாட்டையும் காரணம் கேட்காமல் மனப்பாடமாகத்தான் கற்றோம். ஒரு நம்பிக்கை எப்படி வந்தது என்பது வேறு, அது மெய்யா என்பது வேறு.

ரஸ்ஸலின் கெண்டி யார் நிரூபிக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறது. கடவுளும் கெண்டியும் ஒரே வகைப் பொருள் என்று அது சொல்லவில்லை. கெண்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வேறெதுவும் மாறாது. ஏன் எதுவுமே இருக்கிறது என்ற கேள்விக்குப் பதிலாகக் கெண்டியை யாரும் முன்வைக்கவில்லை.

மூன்று பேர் கதைக்கு வருகிறேன். பரப்பியவன்மேல் சொல்லப்படும் குற்றம், பொய் என்று தெரிந்தே பரப்பினான் என்பது. பூச்சாண்டி விஷயத்தில் அது நூற்றுக்கு நூறு சரி, ஏனென்றால் சொல்பவர் நம்பவில்லை. சாமி விஷயத்தில் சொல்லிக் கொடுக்கிற பாட்டி தானும் நம்பித்தான் கொடுக்கிறாள். உங்கள் ஒப்பீடு சரியாக அந்த இடத்தில் முறிகிறது.

#5 அரசலாறு

குழந்தை உளவியலில் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். இரு தரப்பும் கொஞ்சம் கேளுங்கள்.

2004-ல் ஜாக்குலின் வூலியும் உடன் ஆய்வாளர்களும் மழலையர் பள்ளி வயதுப் பிள்ளைகளிடம் புதிதாக ஒரு மிட்டாய்ச் சூனியக்காரியைக் கட்டிச் சொன்னார்கள். ராத்திரி வருவாள், மிட்டாயை எடுத்துக்கொண்டு பொம்மை வைத்துவிட்டுப் போவாள். சில வீடுகளில் பெற்றோரே ரகசியமாக மிட்டாயை எடுத்துப் பொம்மையை வைத்தார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகளிடம் நம்பிக்கை இன்னும் உறுதியாக இருந்தது. குடமுருட்டி சொன்ன கழன்ற இழை இதுதான்: கையில் ஒரு தடயம்.

2006-ல் பால் ஹாரிஸ் குழு வேறொன்றைப் பார்த்தது. பிள்ளைகள் கிருமியைக் கண்டதில்லை, கடவுளையும் கண்டதில்லை. இரண்டும் பெரியவர்கள் சொல்லக் கேட்டதே. ஆனாலும் கிருமி உண்டு என்று சொல்வதில் இருந்த உறுதி கடவுள் விஷயத்தில் கொஞ்சம் குறைவு. பேய், அசுரன் வகைக்கு இன்னும் குறைவு. அவர்கள் சொல்லும் காரணங்களில் ஒன்று பேச்சின் நடை. "நான் கிருமியை நம்புறேன்" என்று யாரும் சொல்வதில்லை. "கை கழுவு, கிருமி இருக்கு" என்போம். சாமிக்கு மட்டும் நம்பு, நம்பணும், நம்பினோர் கெடுவதில்லை என்று வருகிறது. நம்பு என்று சொல்லும்போதே நம்பாதவரும் உண்டு என்பது பிள்ளைக்குத் தெரிந்துவிடுகிறது. வெண்ணாறு ஐயா சொல்கிற உரை அளவையைப் பிள்ளைகள் இப்படி நுணுக்கமாக எடை போடுகிறார்கள். சொன்னதையெல்லாம் விழுங்குவதில்லை.

என் பார்வையில் பெரிய வித்தியாசம் முடிவு தேதி. விழுந்த பல்லைச் சாணியில் உருட்டிக் கூரை மேல் எறிந்தால் நல்ல பல் முளைக்கும் என்கிறோம். பால் பற்கள் 20. ஆறு வயது வாக்கில் விழத் தொடங்கி, பன்னிரண்டு வாக்கில் கடைசிப் பல்லும் போய்விடும். எறிய வேறு பல் இல்லை, நம்பிக்கையும் தானாக முடிகிறது. அதைக் கைவிட்டதற்கு யாரும் பிள்ளையைக் கோபிப்பதில்லை, சிரித்து அணைத்துக்கொள்வார்கள். சாமிக்கு அப்படி ஒரு தேதி கிடையாது. வயது ஏற ஏறச் சுமை கூடும்: காதுகுத்து, கல்யாணம், வளைகாப்பு, 16-ஆம் நாள் காரியம். பன்னிரண்டு வயதில் "நான் நம்பலை" என்கிற பிள்ளையும் நாற்பது வயதில் "அப்பாவுக்குக் காரியம் செய்ய மாட்டேன்" என்கிற மகனும் கொடுக்கிற விலை ஒன்றா? ஒப்பீடு செய்கிறவர்கள் இந்த விலையை மறந்துவிடுகிறார்கள். அதனால்தான் "சின்னப் பிள்ளையா நீ, இன்னும் நம்புறியே" என்று கேட்டால் வாதம் எடுபடாமல் காயம் மட்டும் மிஞ்சுகிறது.

#6 நாகூர் அலைவாய்

அரசலாறு அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். மார்க்கத்துக்கு உள்ளேயே ஒரு சல்லடை உண்டு.

நாகூர் தர்காவில் கந்தூரி விழா 14 நாள். சந்தனக்கூடு பார்க்க எல்லாச் சமயத்தாரும் வருகிறார்கள், நேர்ச்சை வைக்கிறார்கள். அங்கே அடக்கம் செய்யப்பட்டவரிடம் கேட்கலாமா, அல்லாஹ்விடம் மட்டும்தான் கேட்க வேண்டுமா என்று முஸ்லிம்களுக்குள்ளேயே கடுமையான விவாதம் நடக்கிறது. இறைவனிடம் மட்டுமே கேட்க வேண்டும் என்கிற தவ்ஹீது தரப்பு தர்கா நேர்ச்சையையே மறுக்கிறது. வேளாங்கண்ணி பக்கம் போனாலும் இதுதான். தனிப்பட்டவருக்குக் கிடைத்த காட்சிகளை நம்பியே தீர வேண்டும் என்று கத்தோலிக்கத் திருச்சபை விசுவாசியைக் கட்டாயப்படுத்துவதில்லை. காட்சிகளை விசாரித்துத் தள்ளியதும் உண்டு. நம்புகிறவர்களே நம்பிக்கையைச் சலிக்கிறார்கள். பூச்சாண்டி நம்பிக்கையில் மூணு கண்ணன் சரியா தப்பா என்று கட்சி பிரிந்ததில்லை.

வேண்டுதல் பற்றிக் குடமுருட்டி கேட்டது நியாயமான கேள்வி. துஆ கேட்பது, அதாவது இறைவனிடம் வேண்டுவது, நாளைக்கு மழை வரும் என்று சொல்கிற மாதிரி இல்லை. கிடைக்காததைப் பொறுத்துக்கொள்வதும் அதற்குள் அடக்கம். ஆனால் ஒருவர் "இந்த நேர்ச்சை வெச்சா 48 நாள்ல குணமாகும்" என்று நாள் குறித்துவிட்டால் அது துஆ என்பதிலிருந்து வெளியே வந்துவிட்டது. அதைச் சோதிக்கலாம், சோதிக்கவும் வேண்டும்.

#7 குடமுருட்டி

நாகூர் நானா, உங்கள் கடைசி வரியைத்தான் பிடித்துக்கொள்கிறேன். என் முதல் பதிவில் சாமி நம்பிக்கை என்று ஒரே மூட்டையாகக் கட்டியது பிழை. திருத்திக்கொள்கிறேன். ஒவ்வொரு கூற்றையும் தனியாக எடுத்து, இது நடக்கிறது என்கிறதா என்று பார்க்க வேண்டும். நம் பக்கத்திலேயே நாலு கிடைக்கிறது.

திருநள்ளாறு. கோயிலுக்கு மேலே செயற்கைக்கோள்கள் 3 விநாடி நின்று போகின்றன என்ற செய்தி வருடக்கணக்காகக் கைப்பேசியில் சுற்றுகிறது. ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரிகிற செயற்கைக்கோள்கள் 35,786 கிலோமீட்டர் உயரத்தில், பூமத்திய ரேகைக்கு நேர் மேலேதான் இருக்க முடியும். திருநள்ளாறு வடக்கே ஏறக்குறைய 11 பாகையில் இருக்கிறது. அதற்கு நேர் மேலே அந்த வகை ஒன்றும் கிடையாது. தாழ்வாக, 400 கிலோமீட்டரில் சுற்றுபவை விநாடிக்கு ஏழரை கிலோமீட்டருக்கு மேல் ஓடுகின்றன. அந்த ஓட்டம்தான் அவற்றை விழாமல் வைத்திருக்கிறது. 3 விநாடி நின்றால் 23 கிலோமீட்டர் பின்தங்கும், அதோடு கீழே விழவும் தொடங்கும். தரையிலிருந்து ஓயாமல் கண்காணிக்கிறவர்கள் கண்ணில் இது தப்பாது. தலபுராணத்தில் இருப்பது நளனுக்குச் சனி விலகிய கதை மட்டும். செயற்கைக்கோள் செய்தி சமயத்துக்குச் சொந்தமே இல்லை, அது பெரியவர்களுக்கான மயிலிறகு.

தஞ்சைப் பெரிய கோயில் விமான நிழல் தரையில் விழாது என்பது இரண்டாவது. பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக் கொடுக்கிறார்கள். விமானம் சுமார் 60 மீட்டர், அடிப்பாகம் பக்கத்துக்குச் சுமார் 30 மீட்டர். நடுவிலிருந்து அடி விளிம்பு 15 மீட்டர். உச்சியின் நிழல் அந்த 15 மீட்டருக்குள் அடங்கினால் தரையில் விழாது, தாண்டினால் விழும். மார்ச் கடைசியில் நடுப்பகலில் சூரியன் 79 பாகை உயரத்தில் நிற்கிறது. உச்சி நிழல் 11, 12 மீட்டர்தான், அடங்கிவிடும். டிசம்பர் கடைசியில் நடுப்பகலிலேயே சூரியன் 56 பாகைதான்; நிழல் 40 மீட்டர் நீண்டு வடக்குப் பிராகாரத்தில் 25 மீட்டர் விழுகிறது. காலை, மாலையில் எல்லா மாதமும் விழும். உண்மை இவ்வளவுதான்: வருடத்தில் சில மாதங்கள், உச்சி வேளையில், சிறிது நேரம் விழாது. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் தஞ்சையில் நட்ட குச்சிக்கே உச்சியில் நிழல் இருக்காது. இதிலும் கழன்ற இழை ஒன்று இருப்பதைக் கவனியுங்கள்.

மூன்றாவது, திருநாகேசுவரத்தில் ராகு பகவானுக்கு அபிஷேகப் பால் நீலமாவது. பாலின் கொழுப்பும் புரதமும் நுண்துகள்களாக மிதக்கின்றன. அவை நீல ஒளியை அதிகம் சிதறடிக்கும். பால் கெட்டியாக இருந்தால் எல்லா நிறமும் சேர்ந்து வெள்ளை. மெல்லிய படலமாகக் கருமையான பரப்பின் மேல் ஓடினால் நீலம் எட்டிப் பார்க்கும். வீட்டில் செய்து பாருங்கள். ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் நாலைந்து சொட்டுப் பால், பின்னால் கறுப்புத் துணி, பக்கவாட்டில் டார்ச். நீலச் சாயல் தெரியும். டார்ச்சை டம்ளருக்குப் பின்னால் வைத்து நேராகப் பார்த்தால் அதே பால் மஞ்சள் கலந்து தெரியும். பால் அதிகமானால் காரியம் கெடும், வெள்ளையாகிவிடும். கோயிலில் நடப்பது இதுதானா என்று தெரிய ஒரு வழி உண்டு. வழிந்த பாலைத் தெளிவான டம்ளரில் பிடித்து வெள்ளைத் தாள் மேல் வைக்க வேண்டும். அப்போதும் நீலம் என்றால் இந்த விளக்கம் போதாது. வெள்ளை என்றால் போதும்.

நாலாவது, சிக்கல் என்ற ஊரின் முருகன், சிங்காரவேலர். சூரசம்ஹாரத்துக்கு முன்னால் வேல் வாங்கும் இரவில் உற்சவர் மேனியில் வியர்வை அரும்பும். ஐப்பசி, அடைமழைக் காலம், நெரிசலான மண்டபம். காற்று 28 டிகிரி, ஈரப்பதம் 90 சதவீதம் என்றால் 26 டிகிரியிலேயே நீர் படியத் தொடங்கும். அதைவிடக் குளிர்ந்த உலோகம் எதுவானாலும் துளிர்க்கும். சோதிக்க வேண்டுமானால் ஏறக்குறைய அதே எடையுள்ள வெண்கலப் பொருள் ஒன்றை அதே மண்டபத்தில், அதே நேரம் வைத்திருந்து, தீபத்திலிருந்து அதே தூரத்தில் நிறுத்த வேண்டும். விளக்குப் பக்கம் வைத்தால் சூடேறித் துளிர்க்காது. மின்விசிறிக்குக் கீழே வைத்தால் துளி நிற்காது. கடைசி நேரத்தில் வெளியிலிருந்து கொண்டுவந்தால் அதன் சூடு வேறாக இருக்கும். இந்த மூன்று பிழையில் ஒன்று நடந்தாலும் முடிவு செல்லாது.

#8 முடிகொண்டான்

கோயிலுக்குள் டம்ளரும் தெர்மாமீட்டருமாகப் போய் நிற்பது அவமதிப்பு இல்லையா அண்ணே? சன்னதியில் நிற்கிறவர் ஈரப்பதம் பார்க்கவா வந்தார்?

#9 குடமுருட்டி

அவர் வணங்க வந்தார், அதில் யாரும் குறுக்கே நிற்கக் கூடாது. சன்னதியில் வேண்டாம், வீட்டுக் கூடத்திலேயே வெண்கலக் குத்துவிளக்கை வைத்து ஐப்பசி இரவில் பாருங்கள். உலோகம் எப்போது துளிர்க்கும் என்று தெரிந்துகொண்டாலே பாதி வேலை முடிந்தது. ஆனால் "விஞ்ஞானிகளே வியந்தனர்" என்று எழுதிப் பரப்புகிறவர் தானே விஞ்ஞானத்தைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறார். கூப்பிட்ட சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்தால் அவமதிப்பு என்று சொல்ல முடியாது.

#10 திருமலைராயன்

இந்த வரிசையில் நாடி ஜோதிடத்தையும் சேர்க்க வேண்டும். வைத்தீஸ்வரன் கோயில் பக்கம் போகிறவர்களுக்கு முறை தெரியும். ஆணுக்கு வலது, பெண்ணுக்கு இடது கட்டைவிரல் ரேகை. பிறகு ஏட்டுக் கட்டு வரும். ஒவ்வோர் ஏடாக வாசித்து "அப்பா உயிரோட இல்லை, சரியா?" "பேர் உயிரெழுத்துல தொடங்குமா?" என்று கேட்பார்கள். ஆமாம், இல்லை மட்டும் சொன்னால் போதும். பொருந்தாத ஏடு தள்ளப்படும். பொருந்திய ஏட்டில் உங்கள் பெயர், பெற்றோர் பெயர் எல்லாம் சரியாக வரும்.

கணக்குப் போடுங்கள். ஒவ்வொரு ஆமாம்-இல்லையும் சாத்தியங்களைப் பாதியாக்குகிறது. 20 பதில் கொடுத்தால் 10,48,576 சாத்தியத்திலிருந்து ஒன்றைத் தனியே எடுத்துவிடலாம். அரைமணி நேரத்தில் 20-க்கு மேலேயே பதில் கொடுத்திருப்போம், எண்ணியிருக்க மாட்டோம். சோதனை எளிது. முழுவதையும் ஒலிப்பதிவு செய்யுங்கள். நீங்கள் சொன்னதை ஒரு நிறத்திலும், நீங்கள் சொல்லாமல் வந்ததை வேறு நிறத்திலும் எழுதிப் பிரியுங்கள். கிடைத்த ஏட்டைப் படம் எடுத்து, அந்த அறையில் இல்லாத, பழைய எழுத்து வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள். அதே பெயர்களை அவரும் படித்தால் பேசுவோம். கூடப் போனவர் காத்திருக்கும்போது யாரிடமாவது பேசியிருந்தால் சோதனை கெட்டது, அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இதை நம்புகிறவர் படித்தவர், நாற்பது வயது தாண்டியவர். மயிலிறகுக்குப் பக்கத்தில் இருப்பது இதுதான். வெண்ணாறு ஐயா பேசுகிற கடவுள் அவ்வளவு பக்கத்தில் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

#11 அரசலாறு

நானா சொன்ன 48 நாளுக்கு ஒரு குறிப்பு. நகத்தில் வெள்ளைப் புள்ளி வந்தால் கொக்கு பூப் போட்டது என்று பிள்ளைகள் சொல்வார்கள். கொக்கு பறக்கும்போது கையை ஆட்டிக் கேட்டது, பிறகு புள்ளி வந்தது. நிஜத்தில் நகம் முளைக்கிற அடிப்பகுதியில் எப்போதோ பட்ட சின்ன அடி அது. நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர்தான் வளரும், அதனால் பட்ட அடி வெளியே தெரிய வாரக்கணக்காகும். அதற்குள் அடி மறந்துபோகும், கொக்கு மட்டும் ஞாபகத்தில் நிற்கும். ஒரு மண்டலம் விரதம் இருந்து இருமல் போனதாகச் சொல்வதும் அப்படியே. சளிக்குப் பின் வருகிற இருமல் பெரும்பாலும் மூன்று வாரத்தில் தானே அடங்கும். 48 நாளில் தானாகத் தீருகிற நோய் ஏராளம். சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் அப்படித் தீராது. அங்கேதான் ஆபத்து: மண்டலம் முடியட்டும் என்று மாத்திரையை நிறுத்துகிறார்கள்.

#12 வெண்ணாற்றங்கரை

சோதிக்கத் தக்கதைச் சோதியுங்கள், எனக்குத் தடை இல்லை. இந்த நாலையும் நாடியையும் இழந்தால் சமயம் எதையும் இழக்கவில்லை.

ஆனால் சமயம் என்று நம் ஊரில் நடப்பதில் பெரும்பங்கு கூற்றே இல்லை. ஆடி 18-க்குக் காவிரிக்கரையில் மஞ்சளில் பிள்ளையார் பிடித்து, காப்பரிசி, கருகமணி, காதோலை வைத்து, புது மஞ்சள் கயிறு மாற்றிக்கொள்கிறார்கள். சித்திரான்னம் படைப்பது காவிரித் தாய்க்கு மசக்கை என்பதால். ஆறு கருவுற்றிருக்கிறது என்பதைக் கூற்றாக எடுத்துப் பொய் என்று நிரூபிக்க ஒரு நிமிஷம் போதும். நிரூபித்து என்ன? மேட்டூர் 1934-ல் வந்த பிறகு தண்ணீர் எப்போது வரும் என்பது அணை திறப்பைப் பொறுத்தது, ஜூன் 12 என்பது எல்லாருக்கும் தெரியும். அணை வறண்ட வருஷங்களில் ஆழ்துளைக் கிணற்று நீரைக் குழாயில் விட்டும் பதினெட்டு கொண்டாடினார்கள். பிள்ளைகள் சப்பரம் இழுத்தார்கள். அது முன்னறிவிப்பாக இருந்திருந்தால் அந்த மணலில் செத்திருக்கும். அது நன்றி. நன்றியைச் சரி தப்பு பார்க்க முடியாது, உண்மையாகச் சொன்னோமா என்றுதான் பார்க்கலாம்.

இன்னொன்று, எனக்குச் சொல்லக் கஷ்டமானது. 2004 டிசம்பர் 26 அன்று கடல் நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் கொண்டுபோனது. வேளாங்கண்ணியில் வழிபட வந்தவர்களும் அதில் உண்டு. அதன் பிறகு கடவுளை விட்டவர்கள் உண்டு, விடாதவர்கள் உண்டு. இரு தரப்பும் கேட்ட கேள்வி ஒன்றே: இருந்தால் ஏன் விட்டாய்? மயிலிறகிடமோ நிலாப் பாட்டியிடமோ அந்தக் கேள்வியைக் கேட்க யாருக்கும் தோன்றாது. நிலாவில் பாட்டி இல்லை என்று தெரிகிற அன்று எந்தப் பிள்ளையும் அப்படி உடைந்துபோவதில்லை.

#13 திருமலைராயன்

அந்தக் கேள்விக்கு உங்கள் தரப்பில் பதில் இல்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள் ஐயா. வினைப்பயன் என்று சொன்னால் ஆறு வயசுப் பிள்ளையின்மேல் பழி போடுகிறோம்.

#14 வெண்ணாற்றங்கரை

செத்த பிள்ளையின் தாயிடம் வினைப்பயன் என்று சொல்கிறவர் சித்தாந்தம் படித்தவரானாலும் தவறு செய்கிறார். எல்லாருக்கும் போதுமான பதில் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை.

#15 முடிகொண்டான்

ஒரே ஒரு நடைமுறைக் கேள்வி, அக்காவுக்கு. "சாமி கண்ணைக் குத்தும்" என்று வீட்டில் சொல்கிறோம். அது சாமிப் பக்கமா, பூச்சாண்டிப் பக்கமா? பிள்ளை "சாமி நிஜமா"ன்னு கேட்டா என்ன சொல்றது?

#16 அரசலாறு

பூச்சாண்டிப் பக்கம், சந்தேகமே வேண்டாம். சொல்பவர் நம்பவில்லை, அடக்கத்தான் சொல்கிறார், நடக்காது என்றும் தெரியும். அதைச் சாமி பேரில் சொல்வதால் கேடு இரட்டிப்பு. நாலு வயதில் பொய் சொல்லிவிட்டுக் கண்ணைத் தொட்டுப் பார்க்கும் பிள்ளைக்கு முதலில் பயம். ஏழு, எட்டு வயதில் கண் நன்றாக இருப்பது புரிந்ததும், சாமி பேரில் சொன்ன மற்றதெல்லாமும் இப்படித்தானோ என்ற சந்தேகம். கண் இமையில் கட்டி வந்த பிள்ளை என்றால் இன்னும் மோசம், தான் என்ன பாவம் செய்தோம் என்று தேடும். அந்தக் கட்டி இமையிலுள்ள சுரப்பியில் கிருமி சேர்ந்து வருவது. வெதுவெதுப்பான துணியால் ஒருநாளைக்கு மூன்று நாலு தடவை, பத்து நிமிஷம் ஒத்தடம் கொடுத்தால் பெரும்பாலும் உடைந்து ஆறிவிடும். ஊதி, பிதுக்கி விடக் கூடாது.

இந்த மிரட்டலுக்குப் பதில், பிள்ளை சொன்ன பொய்யின் விளைவைச் சொல்லுங்கள்: "நீ அப்படிச் சொன்னதால தங்கச்சி அடி வாங்கினா, அவகிட்டப் போய்ச் சொல்லு."

"சாமி நிஜமா"வுக்கு முதலில் கேள்வியைத் திருப்பிக் கேளுங்கள்: "ஏன் கேக்குற கண்ணு?" பாதி நேரம் பிள்ளை தத்துவம் கேட்பதில்லை. யாரோ கேலி செய்திருப்பார்கள், இல்லை ராத்திரி பயந்திருக்கும். அதற்குப் பிறகு உங்கள் பதிலை உங்கள் பதிலாகவே சொல்லுங்கள். நம்புகிறவர் "நான் நம்புறேன், அத்தை நம்பல, ரெண்டு பேரும் உன்னை ஏமாத்தல" என்று சொல்லலாம். நம்பாதவரும் அப்படியே மாற்றிச் சொல்லலாம். தெரியாததைத் தெரியும் என்று சொல்ல வேண்டாம். ஐந்து வயதுக்குக் கீழே ரெண்டு வாக்கியம் போதும், நீட்டினால் பிள்ளை முதல் வாக்கியத்தையும் மறந்துவிடும். பாட்டி ஒன்று சொல்ல அப்பா அதைப் பிள்ளை எதிரிலேயே கேலி செய்வது கூடாது. பிள்ளை எந்தச் சொல் உண்மை என்று பார்ப்பதை விட்டுவிட்டு யார் பக்கம் நிற்பது என்று தவிக்கும்.

#17 முடிகொண்டான்

நம்பாத அப்பா பூசை அறையில் பிள்ளையோடு நிற்கலாமா?

#18 அரசலாறு

நிற்கலாம். பிள்ளை கேட்டால் ஏன் நிற்கிறார் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். "பாட்டிக்குப் பிடிக்கும், அதான் நிக்கிறேன்" என்றால் ஆறு வயதுப் பிள்ளைக்கு நன்றாகப் புரியும்.

#19 குடமுருட்டி

ஐப்பசியில் குத்துவிளக்குச் சோதனையை வீட்டில் செய்கிறவர்கள் அளவுகளை இங்கேயே போடுங்கள்: அறைச் சூடு, ஈரப்பதம், உலோகத்தின் சூடு, துளிர்த்த நேரம், பக்கத்தில் எத்தனை பேர் இருந்தார்கள். கையால் தொட்டுவிட்டால் அந்த இடம் சூடேறிவிடும், அந்த அளவை எடுக்க வேண்டாம். துளிர்க்காத இரவுகளையும் விடாமல் எழுதுங்கள்.

#20 நாகூர் அலைவாய்

கடலோரத்தில் ஈரம் இன்னும் கூடும் தம்பி. நாகூர்ப் பக்கத்து அளவு நான் தருகிறேன். வெண்கலம் இல்லை, பித்தளைச் செம்பு பரவாயில்லையா?

#21 குடமுருட்டி

பரவாயில்லை நானா. எடையை மட்டும் குறிப்பிடுங்கள். மெல்லிய செம்பு அறைச் சூட்டுக்குச் சீக்கிரம் வந்துவிடும், அதனால் துளிர்க்காமல் போகலாம். தண்ணீர் ஊற்றாமல் காலியாக, மேல்பக்கம் நன்றாகத் துடைத்து வையுங்கள்.